தாது வருஷத்துச் சேலை

2019-ல் பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி போன் செய்தாள். "டீச்சர், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைக நாடகம் போடுதுக. தாது வருஷப் பஞ்சம். டிரஸ் மட்டும் நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்றாள். ஓய்வு பெற்று எட்டு வருஷமான தையல் டீச்சரை யாராவது கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்வேனா? அருப்புக்கோட்டையிலிருந்து மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் பிள்ளைகள் ஒத்திகைக்குத் தயாராக நின்றார்கள். டிரஸ் வாடகைக்கு விடும் ஒரு கடையிலிருந்து மூட்டை வந்திருந்தது. ஜமீன்தாராக நடிக்கும் பையனுக்குச் சரிகை வைத்த வெல்வெட் அங்கி. பஞ்சத்தில் அடிபட்ட பெண்களுக்கு ரோஸ் கலரிலும் கிளிப்பச்சையிலும் நைலான் சேலை. பசியால் சாகும் சம்சாரிக்கு ஒரு பழைய யூனிபார்ம் சட்டையை அங்கங்கே கத்தரித்து, கரி பூசிக் கொடுத்திருந்தார்கள். சட்டையில் பிளாஸ்டிக் பித்தான் பளபளத்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சம்சாரியாக நின்ற பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"1876-ல நம்ம ஊர்ச் சம்சாரிக்குத் தைச்ச சட்டை ஏதுப்பா?" என்று கேட்டேன்.

"அப்ப என்ன டீச்சர் போட்டிருப்பாங்க?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் தையல் சொல்லிக் கொடுத்தவள் நான். லோயர், ஹையர் பரீட்சைக்கு எத்தனையோ பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். ஆனால் என் சொந்த ஊரில் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மனுஷர்கள் எதை உடுத்தினார்கள் என்று கேட்டால் கை விரிக்க வேண்டியிருந்தது. "ஒரு மாசம் டைம் குடு. நான் புஸ்தகம் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்த ஒரு மாதத்தில் நான் புத்தகங்களோடு பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். பள்ளி நாடகம், குலதெய்வக் கோயில் விழா, பேரப்பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி என்று உங்களில் யாருக்காவது இந்த வேலை வரும். அப்போது உதவட்டும்.

முதலில் என் மனசில் இருந்த படங்களைத் தூர எறிய வேண்டியிருந்தது. "அந்தக் காலம்" என்றாலே நம் வயதுக்காரர்களுக்கு 1959-ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் சினிமாதான் கண்ணில் நிற்கும். சினிமா சினிமாதான். அதைப் பார்த்துப் பாஞ்சாலங்குறிச்சி உடுப்பைத் தைக்க முடியாது. அடுத்தது காலண்டர். பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் ரவிவர்மா வழியில் வந்தவர்கள். முன்கொசுவம், கை வைத்த ரவிக்கை, தோளில் மடிந்து விழும் முந்தானை. நாம் "பாரம்பரியம்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் சேலைக்கட்டில் பாதி அந்தக் காலண்டரிலிருந்து வந்ததோ என்று எனக்கு இப்போது சந்தேகம்.

சென்னையில் இருக்கும் மகனிடம் சொன்னேன். அவன் நூலகத்தில் தேடி இரண்டு புத்தகங்களைப் பார்த்து, முக்கியமான பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பினான். ஒன்று ஜி.எஸ். குர்யே 1951-ல் எழுதிய இந்திய உடைகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம். இன்னொன்று ரோஷன் அல்காசி 1983-ல் வெளியிட்ட பண்டைய இந்திய உடை பற்றிய புத்தகம். ரோஷன் அம்மா, நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காசியின் மனைவி. அவருடைய நாடகங்களுக்கு உடை அமைத்தவர். அதனால் படங்களைப் பார்த்தாலே தைக்கத் தெரிந்தவர் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தத் துணி எங்கே சுற்றி எங்கே முடிச்சு விழுகிறது என்று கோட்டுப்படம் போட்டிருக்கிறார்.

ஆனால் அவர் பார்த்தது பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும். மௌரியர், குப்தர் என்று போகிற கதை. குர்யே புத்தகமோ இந்தியா முழுவதையும், ஆயிரக்கணக்கான வருஷங்களையும் ஒரே அட்டைக்குள் அடக்கப் பார்க்கிறது. அதில் என் திருச்சுழிச் சம்சாரிக்கு இடம் எங்கே? நல்ல புத்தகம்தான், ஆனால் எனக்கான புத்தகம் இல்லை. "இந்திய உடை" என்று ஒன்று கிடையாது, ஒரு வருஷமும் ஒரு ஊரும் ஒரு ஆளும் சேர்ந்தால்தான் ஓர் உடை என்று அப்போதுதான் உறைத்தது. தையலில் அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைக்கலாமா? அது மாதிரி, வருஷத்தையும் ஊரையும் குறித்துக்கொள்ளாமல் புத்தகத்தைத் திறந்தால் வீண் அலைச்சல்.

சரி, வருஷம் தெரியும். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து, பஞ்சம் 1878 வரைக்கும் இழுத்தது. திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30. அதாவது அவர் பிறப்பதற்குச் சற்று முன்னால் வரைக்கும் இந்த மண் பசியில் கிடந்தது. ஊரும் தெரியும். ஆனால் எந்த ஜில்லாப் புத்தகத்தைப் பார்ப்பது? விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985-ல். அதற்கு முன்னால் இராமநாதபுரம். அந்த ஜில்லாவே 1910-ல்தான் உண்டானது. 1876-ல் நம் பக்கம் இராமநாதபுரம் ஜமீன், மதுரை ஜில்லா. ஆகவே பார்க்க வேண்டியவை நெல்சன் துரை 1868-ல் எழுதிய மதுரைக் கையேடும், பிரான்சிஸ் துரை 1906-ல் எழுதிய மதுரை கெஜட்டும். இது தெரியாமல் "விருதுநகர்" என்று இணையத்தில் தேடி நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண்மாய், பருத்தி, கரிசல் மண், வரி, சாதி எல்லாம் இருக்கிறது. ஆனால் கலெக்டர் உத்தியோகக்காரர்களுக்கு உடை என்பது சாதியைப் பிரித்துப் பார்க்கும் ஓர் அடையாளம். ஒரு சேலை எத்தனை முழம், எப்படிச் சுற்றினார்கள் என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சென்னை மியூசியத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி துணையோடு 1909-ல் ஏழு தொகுதி எழுதினார், தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றி. அதில் போட்டோ உண்டு. மனுஷர்களை அளவுகோல் வைத்து அளந்து எழுதிய புத்தகம் அது. மூக்கின் நீள அகலம்கூட உண்டு. சேலையின் நீள அகலத்தைத்தான் நான் தேடினேன். போதாததற்கு, அந்தப் புத்தகம் தாது வருஷத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிந்தியது. இந்த முப்பது வருஷத்தில் மில் துணி பரவிவிட்டது, தையல் மெஷின் டவுன்களுக்கு வந்துவிட்டது.

பிறகு மகன் ஒரு நாள் ராத்திரி சில போட்டோக்களை அனுப்பினான். "அம்மா, சாப்பிட்டு முடிச்சப்புறம் பாருங்க" என்று எழுதியிருந்தான். ஹூப்பர் என்று ஒரு துரை, சென்னைக் குதிரைப்படை அதிகாரி. அவர் எடுத்த பஞ்சப் படங்கள். தாது வருஷத்து மனுஷர்களை எலும்பும் தோலுமாக வரிசையாக உட்கார வைத்து, நிற்க வைத்து எடுத்திருக்கிறார். உடைக்கு இதைவிட நேரான சாட்சி ஏது? அதே வருஷம், அதே ராஜதானி, அதே பசி. பூதக்கண்ணாடி வைத்து இடுப்பில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அந்தப் படங்களை அப்படியே பார்த்துத் தைத்தால் நாடகம் "சரியாக" இருக்குமா? இருக்கலாம். ஆனால் அது அவர்களுடைய உடை இல்லையே. ஆறேழு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண் நல்ல சேலை உடுத்திக் கம்மங்காட்டுக்குப் போயிருப்பாள். பானையை விற்று, காதில் கிடந்ததை விற்று, மாற்றுச் சேலையையும் விற்றபின் மிஞ்சிய கந்தலோடு அவளைப் படம் எடுத்திருக்கிறார்கள். நாடகத்தின் முதல் காட்சியில் அவள் பஞ்சத்துக்கு முந்திய பெண்ணாக நிற்க வேண்டும். அந்தச் சேலை எப்படி இருந்தது? கந்தலைக் காட்டுமுன் முழுச் சேலையைக் காட்டாவிட்டால் பஞ்சம் எதைப் பறித்தது என்று பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்?

அதற்குத்தான் ஃபோர்ப்ஸ் வாட்சன் உதவினார். லண்டனில் இந்திய மியூசியத்தில் இருந்தவர். 1866-ல் இந்தியாவின் துணிகளையும் உடைகளையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதோடு 18 தொகுதிகளில் 700 துணித் துண்டுகளை வெட்டி ஒட்டி வைத்தார். அச்சடித்த படம் இல்லை, நிஜத் துணி. மொத்தம் 20 செட். 13 செட் அங்கே சீமையில் மில்காரர்கள் பார்ப்பதற்கு, 7 செட் இந்தியாவுக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் நீளம் என்ன, அகலம் என்ன, எடை என்ன, எந்த ஊர் என்று குறிப்பு. பத்து வருஷந்தான் வித்தியாசம். பக்கங்களை இப்போது இணையத்தில் பார்க்கலாம். பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. தைக்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதே!

ஆனால் எதற்காக இவ்வளவு பொறுப்பாக அளந்தார்கள் என்று படித்தபோது வாயடைத்துப் போனேன். நம் ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று தெரிந்தால்தானே மான்செஸ்டர் மில்லில் அதே மாதிரி நெய்து நமக்கே விற்க முடியும்? அதற்குத்தான். நான் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள். எங்கள் தெருவில் விடிந்தால் பாவோட்டுவார்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களின் பாட்டன்மார் வயிற்றில் அடிப்பதற்காக எழுதிய புத்தகம், இன்று அவர்கள் நெய்ததைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி. அந்தப் பஞ்சத்தில் தறிக்காரர்கள் பட்டபாடு தனி. ஜனங்கள் சோற்றுக்கே இல்லாதபோது துணி வாங்குவார்களா? கடைசியில் சர்க்காரே நூல் கொடுத்து, நெய்ததை வாங்கிக்கொள்ளும் நிவாரணம் நடந்தது. இதை நாடகத்தில் ஒரு காட்சியாகச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

சொற்களுக்குத் தனியாகப் புத்தகம் பார்த்தேன். வின்ஸ்லோ அகராதி 1862-ல் வந்தது, நம் வருஷத்துக்குப் பக்கம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924-ல் வெளிவரத் தொடங்கியது. நம் கரிசல் பேச்சுக்கு கி. ராஜநாராயணன் ஐயாவின் வட்டார வழக்குச் சொல்லகராதி. ஒரு துணியின் பெயர் அந்தக் காலத்து அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. உ.வே.சா. ஐயரின் என் சரித்திரத்தையும் மறுபடி எடுத்தேன். தாது வருஷத்தில் அவருக்கு 21 வயது. ஆனால் அவர் இருந்தது திருவாவடுதுறை மடத்தில், காவிரிக்கரையில். மடத்து வேட்டியை வைத்துக் கரிசல்காட்டு வேட்டியைச் சொல்ல முடியாது என்று மூடி வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம். துணி தெரிந்தது, அளவு தெரிந்தது. அதை எப்படிக் கட்டினார்கள்?

ஷந்தால் பூலாஞ்சே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1997-ல் சேலை கட்டும் விதங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு, படிப்படியாகப் படம் போட்டிருக்கிறார். நம் தமிழ்நாட்டுக் கட்டுகளும் அதில் உண்டு. மகன் ஒரு பிரதி தேடி அனுப்பினான். பின்கொசுவக் கட்டு இருந்த பக்கத்தைத் திறந்தேன். திறந்த பக்கத்தை மூடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் இருந்தது என் அப்பத்தா.

அப்பத்தா என்றால் என் அப்பாவைப் பெற்றவள். 1974-ல் போய்ச் சேர்ந்தபோது எண்பதுக்கு மேல் இருக்கும். கடைசி வரைக்கும் பதினாறு முழச் சேலைதான். ஒரு முனையில் மடிப்பு எடுத்து முதுகுப் பக்கம் இடுப்பில் நிறுத்தி, மிச்சச் சேலையால் அதை இறுக்கிச் சுற்றி, மடிப்பின் மேல்விளிம்பை விசிறி மாதிரி வெளியே விட்டுக் கட்டுவாள். உள்பாவாடை கிடையாது, ஊக்கு கிடையாது. ரவிக்கையும் கிடையாது. முந்தானையை மார்பை மூடி இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அவளுடைய அம்மா தாது வருஷத்துப் பிள்ளை. "எங்க ஆத்தா தாது வருசத்துல கைப்புள்ள. அத வச்சுக் காப்பாத்துனதே பெரிய காரியம்" என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் புத்தகங்களில் தேடி அலைந்த வருஷத்துக்கும் எனக்கும் நடுவில் இரண்டே இரண்டு பெண்கள்தான்.

இப்போது சொல்லக் கூச்சமாக இருப்பதைச் சொல்கிறேன். 1972-ல் நான் தையல் படிக்கப் போன இடத்தில் டவுன் பிள்ளைகள் எனக்குச் சிநேகிதம். ஒரு லீவு நாளில் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரே கவலை, சட்டை போடாத கிழவி திண்ணையில் உட்கார்ந்திருப்பாளே என்று. கையில் கிடைத்த வாயில் துணியில் அப்பத்தாவுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். பயிற்சிக்கு இல்லாமல் நான் முழுசாகத் தைத்த முதல் ரவிக்கை அதுதான். அளவெடுக்கப் போனபோது, "என்னத்துக்கு அளக்குற, பாடை கட்டவா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் வந்த அன்றைக்குப் போட்டுக்கொண்டாள். சித்திரை மாத வெயில். திண்ணையில் உட்காராமல் உள்வீட்டில் அடுப்படிப் பக்கம் இருந்துகொண்டாள். அவர்கள் போனதும் கழற்றி, மடித்து என்னிடம் நீட்டி, "கசகசங்குதுத்தா. நல்லாத்தான் தச்சிருக்க. நாளைக்கு ஒம் பிள்ளைகளுக்குத் தச்சுக் குடு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வேற்று ஆள் வந்தால் அவளாகவே எழுந்து உள்ளே போய்விடுவாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

பூலாஞ்சே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி பரணில் கிடந்த அப்பத்தாவின் தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். ரசக்கற்பூர வாசனை. இரண்டு சேலை இருந்தது. அடியில் அந்த வாயில் ரவிக்கையும் இருந்தது. அவள் அதை என்னிடமிருந்து எப்போது வாங்கி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

மதினி காபி போடப் போனார். நான் டேப்பை எடுத்து அளந்தேன். வேறு என்ன செய்ய? நீளம் பதினாறு முழத்துக்கு நாலு விரல் குறைச்சல், அதாவது எட்டு கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் 44 அங்குலம். கொசுவம் விழுந்த இடத்தில் நூல் தேய்ந்து, வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. அந்தத் தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே எப்படிக் கட்டினாள், எங்கே இறுக்கினாள், எந்த இடுப்பில் குடம் வைத்தாள் என்று தெரிந்துவிடும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அந்தச் சேலை அநேகமாக 1950-ஐ ஒட்டி வாங்கியது. அதன் அரக்குச் சிவப்பு கெமிக்கல் சாயம். செயற்கைச் சிவப்புச் சாயத்தைக் கண்டுபிடித்ததே தாது வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். தாது வருஷத்தில் நம் பக்கத்து ஏழைச் சம்சாரி வீட்டில் சிவப்பு என்றால் பெரும்பாலும் சாயவேர், நீலம் என்றால் அவுரி, இல்லாவிட்டால் சாயமே இல்லாத கோடித்துணி நிறம். ஆகவே கட்டும் விதத்தையும் நீளத்தையும் அப்பத்தா பெட்டியிலிருந்து எடுத்தேன். துணியின் கனத்தை வாட்சனிடமிருந்து எடுத்தேன். நிறத்தைச் சாய வரலாற்றிலிருந்து எடுத்தேன். ஹூப்பர் படங்களிலிருந்து எடுத்தது ஒன்றுதான், கந்தல் எங்கே கிழியும் என்பது. கத்தரித்த மாதிரி நடுவில் கிழியாது. ஓரத்திலும் உட்காரும் இடத்திலும்தான் இற்றுப்போகும்.

வெளுக்காத காடாத்துணி வாங்கினோம். கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்தால் பழுப்பு வந்தது. சிலதைத் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் இன்னொரு முறை முக்கினோம், கருத்தது. பையன்களுக்கு முழங்காலுக்கு மேல் தார்ப்பாய்ச்சிய துண்டு, தலையில் ஒரு துணி. கிடை மறிப்பவனுக்குக் கறுப்புக் கம்பளி. ஜமீன்தாரின் வெல்வெட்டை மூட்டை கட்டிக் கடைக்கே திருப்பி அனுப்பினோம். அவன் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதல் காட்சியில் பெண்களுக்கு அட்டையில் செய்த தண்டட்டி, பாம்படம். மூன்றாம் காட்சியில் வெறுங்காது.

ரவிக்கை விஷயம் வந்தது. சரித்திரப்படி பார்த்தால் வேண்டாம். பதிமூன்று வயதுப் பிள்ளைகளை அப்படி மேடையேற்ற நான் சம்மதிக்க மாட்டேன், எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். சேலை நிறத்திலேயே கையில்லாத உள்சட்டை தைத்து, முந்தானையை இரண்டு தோளும் மூடுகிற மாதிரி சுற்றிவிட்டேன். ஒத்திகையில் ஒரு பிள்ளை கேட்டாள், "அப்ப அவங்க சட்டையே போட மாட்டாங்களா டீச்சர்? வெக்கமா இருக்காதா?"

"அவங்களுக்கு இல்லத்தா. எனக்குத்தான் இருந்துச்சு" என்றேன். அப்பத்தா கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட பிள்ளை, "நான் அவங்களா நடிக்கிறேன் டீச்சர்" என்றாள். கைப்பிள்ளையோடு கஞ்சித் தொட்டிக்கு நடந்து போகும் தாயின் வேஷம் அவளுக்கு.

விழா அன்றைக்குப் பள்ளி மைதானத்தில் நல்ல கூட்டம். வாட்டமாக நடந்துவந்த அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் முன்வரிசைக் கிழவிகள் பேச்சை நிறுத்தினார்கள். நாடகம் முடிந்ததும் ஓர் அம்மா, தொண்ணூறு வயது இருக்கும், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க ஆத்தா கட்டுன மாரியே இருக்கு. யாரு தாயி கட்டிவிட்டது?"

நான்தான் என்றேன், பெருமையாக.

"நல்லாருக்கு. ஆனா காட்டு வேலைக்குப் போறவ இம்புட்டுக் கீழ எறக்கிக் கட்ட மாட்டா. மொழங்காலுக்குக் கீழ நாலு வெரக்கட, அவ்வளவுதான். இது விசேசத்துக்குக் கட்டுறது" என்று சொல்லி, தானே குனிந்து அந்தப் பிள்ளையின் சேலையைத் தூக்கிச் செருகிவிட்டார்.

ஒரு மாதம் நான் புரட்டிய புத்தகம் எதிலும் அது இல்லை. அப்பத்தாவை நான் வீட்டில் பார்த்திருக்கிறேனே தவிர, அவள் களையெடுத்த காலத்தில் நான் பிறக்கவே இல்லை. குறித்துக்கொண்டேன்.

யாராவது இந்த வேலையில் இறங்கினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புத்தகத்தைத் திறக்குமுன் வருஷத்தையும் ஊரையும் ஆளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வருஷத்தில் உங்கள் ஊர் எந்த ஜில்லா என்று பாருங்கள். எழுதியவர் தன் கண்ணால் பார்த்தாரா, எதற்காகப் பார்த்தார் என்று கேளுங்கள். அளவு கொடுக்காத புத்தகம் படிக்க உதவும், தைக்க உதவாது. முன்பக்கம் மட்டும் படம் போட்ட புத்தகத்தை நம்பித் துணி வாங்காதீர்கள், நம் சேலையின் சூட்சுமமே முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. கடைசியாக, தைத்து முடித்ததை ஊரில் மூத்த பெண் ஒருத்தியிடம் காட்டுங்கள். விழாவுக்கு முந்தி காட்டுங்கள், என்னை மாதிரி பிந்திக் காட்டாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே இருக்கும் சேலையைத் தலையணை உறையாகத் தைக்கவோ வண்டி துடைக்கக் கிழிக்கவோ செய்யுமுன் ஒரு தடவை விரித்து அளந்து, யார் உடுத்தியது, ஏறத்தாழ எந்த வருஷம் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். நான் எழுதி வைத்திருக்கிறேன். அப்பத்தா சேலை இரண்டுக்கும் இரண்டு சீட்டு. ரவிக்கைக்கும் ஒரு சீட்டு எழுதினேன்: "1972. பேத்தி தைத்தது. ஒரே ஒரு நாள் போட்டது."